ஜெவன்ஸின் நிலக்கரியும் நமது இணையமும்

2025 ஜனவரி மாத இறுதியில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நான் வகுப்பில் நடத்திய ஜெவன்ஸ் இப்போது செய்திகளில் அடிபடுகிறார் என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். என் மாணவர்களுக்கு வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்பது, இறுதிநிலைப் பயன்பாடு என்னும் ஒரு பாடத்தில் வந்து, தேர்வு முடிந்ததும் மறைந்துபோகும் பெயர். மறைந்து 140 ஆண்டுகளுக்கு மேலான ஒருவர் திடீரென்று எப்படிச் செய்தியானார்?

காரணம் இதுதான். அந்த மாதம் டீப்சீக் என்ற சீன நிறுவனம், மிகக் குறைந்த செலவில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டது. இனிக் கணினித் திறனுக்கான தேவை குறைந்துவிடும் என்ற அச்சத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. அப்போது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவர் சத்யா நாதெல்லா, சமூக ஊடகத்தில் ஜெவன்ஸின் முரண்பாட்டை நினைவூட்டினார். ஒரு பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் அதன் மொத்தப் பயன்பாடு குறையாது, பெருகும் என்பதே அந்த முரண்பாடு.

அதே நாள்களில் எங்கள் குடியிருப்பில் மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது. வேகம் பத்து மடங்கு கூடியதாகக் கட்டண ரசீது சொல்கிறது. ஆனாலும் இரவு எட்டு மணிக்குப் படம் ஏன் சுழன்றுகொண்டே நிற்கிறது? இணையத்தின் கொள்திறன் நமது தேவைக்கு எந்தக் காலத்திலாவது ஈடுகொடுக்குமா? இரு கேள்விகளும் ஒன்றே என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அதற்கு விடை தேட ஜெவன்ஸின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை படித்தேன்.

1835 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜெவன்ஸ் பிறந்தார். தந்தை தாமஸ் ஜெவன்ஸ் இரும்பு வணிகர். தாய் மேரி ஆன், லிவர்பூலின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் வில்லியம் ராஸ்கோவின் மகள். ஜெவன்ஸுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் குடும்பத்தின் வணிகமும் வீழ்ந்தது.

அந்த வீழ்ச்சி நம் கவனத்துக்கு உரியது. 1840-களில் பிரிட்டனை ரயில் பாதை மோகம் பிடித்து ஆட்டியது. நாடெங்கும் பாதைகள் திட்டமிடப்பட்டன. சேமிப்பெல்லாம் ரயில் பங்குகளில் கொட்டப்பட்டது. தண்டவாளத்துக்கு இரும்பு தேவைப்பட்டதால் இரும்பு வணிகர்கள் செழித்தனர். தேவையை மிஞ்சிக் கொள்திறன் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சந்தை உணர்ந்ததும் எல்லாம் சரிந்தது. 1848-இல் ஜெவன்ஸ் குடும்ப நிறுவனம் திவாலானது. பின்னாளில் பற்றாக்குறையை எண்ணிக் கவலைப்பட்ட பொருளியலாளர், சிறுவனாக இருந்தபோது அனுபவித்தது அளவுக்கு மீறிய கட்டுமானத்தின் விளைவை.

பணம் குறைந்தாலும் படிப்பு நிற்கவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அவர் வேதியியல் பயின்றார். பட்டம் பெறும் முன்பே, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கப்படவிருந்த நாணயச் சாலையில் பொன்னின் தரம் பார்க்கும் வேலை அவரைத் தேடி வந்தது. குடும்பத்தின் நிலையை எண்ணி அதை ஏற்று, 1854-இல், பதினெட்டு வயதில் கப்பலேறினார்.

சிட்னியில் கழித்த ஐந்து ஆண்டுகளே அவரைப் பொருளியலாளராக்கின. நாணயச் சாலை வேலை அவருடைய நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மழையளவையும் வெப்பநிலையையும் நாள்தோறும் குறித்தார். தெருத் தெருவாக நடந்து, எந்த வகுப்பினர் எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அப்போது நியூ சவுத் வேல்ஸில் புதிய ரயில் பாதைகள் போடுவது பற்றிய விவாதம் சூடாக நடந்தது. பாதையை யார் செலவில் போடுவது, எவ்வளவு கட்டணம் வைப்பது, கட்டணம் குறைந்தால் பயணம் எவ்வளவு கூடும் என்ற கேள்விகள் அவரை ஈர்த்தன. இன்று இணைய நிறுவனங்களும் அரசுகளும் கேட்டுக்கொண்டிருப்பது இதே மூன்று கேள்விகளைத்தான்.

நல்ல ஊதியம் தந்த வேலையை உதறிவிட்டு 1859-இல் அவர் ஊர் திரும்பினார். மீண்டும் மாணவராகி, 1862-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் துணை ஆசிரியர் பணியில் சேர்ந்தார். தங்கத்தின் மதிப்பு வீழ்ச்சியைப் பற்றி 1863-இல் அவர் எழுதிய சிறு நூல், விலைவாசிக் குறியீட்டெண் என்ற கருவிக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் ஒன்று. ஆனால், தொடக்கத்தில் அதை வாங்கிப் படித்தவர்கள் சிலரே.

1865-இல், முப்பது வயது நிரம்பும் முன்பே, 'நிலக்கரிப் பிரச்னை' என்ற நூலை வெளியிட்டார். அது அவரை நாடறிந்தவராக்கியது.

அன்றைய பிரிட்டனின் ஆலைகளும் கப்பல்களும் ரயில்களும் நிலக்கரியை நம்பி நின்றன. அது தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அறிஞர்கள் ஒரு சமாதானம் வைத்திருந்தனர். நீராவி இயந்திரங்கள் ஆண்டுக்காண்டு மேம்படுகின்றன. அதே வேலைக்கு முன்பைவிடக் குறைந்த கரி போதும். ஆகவே, சிக்கனமே நம்மைக் காக்கும் என்பது அந்தச் சமாதானம்.

இந்தச் சமாதானத்தை ஜெவன்ஸ் எண்களைக் கொண்டு உடைத்தார். ஸ்காட்லாந்தின் இரும்பு ஊதுலைகளில், சூடேற்றிய காற்றைச் செலுத்தும் முறை வந்த பின்பு, ஒரு டன் இரும்புக்குத் தேவைப்பட்ட நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆனால், 1830 முதல் 1863 வரையிலான காலத்தில் ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில் எரித்த மொத்த நிலக்கரி பத்து மடங்கானது. காரணம் எளியது. கரி மிச்சமானதால் இரும்பின் விலை குறைந்தது. விலை குறைந்ததால் இரும்புக்குப் புதிய பயன்கள் முளைத்தன. இலாபம் கண்டு புதிய உலைகள் எழுந்தன. சிக்கனம் சேமிப்பைத் தரவில்லை. புதிய தேவையைப் பெற்றெடுத்தது.

இந்தத் தர்க்கத்தை நம் நாட்டு இணையத்தோடு பொருத்திப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தரவுகளின்படி, 2014-இல் ஒரு ஜிகாபைட் தரவின் விலை சுமார் 270 ரூபாய். ஒரு வாடிக்கையாளர் மாதத்துக்குப் பயன்படுத்திய சராசரி அளவு சுமார் 60 மெகாபைட். 2016-க்குப் பின் நான்காம் தலைமுறை அலைபேசிச் சேவை மலிவாகப் பரவியது. பத்து ஆண்டுகளில் ஒரு ஜிகாபைட்டின் விலை 10 ரூபாயை ஒட்டி இறங்கியது. மாதப் பயன்பாடு 20 ஜிகாபைட்டை எட்டியது.

ஒரு பொருளியல் ஆசிரியனுக்கே உரிய பழக்கத்தால் இதைப் பெருக்கிப் பார்த்தேன். 2014-இல் ஒருவர் தரவுக்காகச் செலவிட்டது மாதம் தோராயமாக 16 ரூபாய். பத்து ஆண்டுகள் கழித்து 200 ரூபாய். விலை இருபத்தைந்து மடங்குக்கு மேல் குறைந்த பிறகு, நாம் செலவிடும் தொகை பன்னிரண்டு மடங்கு கூடியிருக்கிறது. பயன்படுத்தும் அளவோ முந்நூறு மடங்கு கூடியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஊதுலை இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

ஜெவன்ஸின் நூல் நாடாளுமன்றத்தை எட்டியது. 1866-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் மக்களவையில் அதைப் பாராட்டிப் பேசினார். நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் அதன் வாதங்களைத் தம் நிதிநிலை அறிக்கையில் எடுத்தாண்டார். நிலக்கரி இருப்பை ஆராய அரசு ஆணையம் ஒன்று அமைந்தது. அதே ஆண்டு ஓவன்ஸ் கல்லூரியில் தர்க்கவியலுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் அவர் பேராசிரியரானார். 1867-இல், மான்செஸ்டர் கார்டியன் நாளிதழை நிறுவிய ஜான் எட்வர்ட் டெய்லரின் மகள் ஹேரியட்டை மணந்தார்.

இனி அவருடைய தவறுக்கு வருவோம். அதிலும் நமக்குப் பாடம் உண்டு.

1861-இல் பிரிட்டன் வெட்டியெடுத்த நிலக்கரி சுமார் 8.4 கோடி டன். அது ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. இதே வேகம் நீடித்தால் 1961-இல் ஆண்டுத் தேவை சுமார் 260 கோடி டன்னாக இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அவ்வளவு கரியை எந்தச் சுரங்கமும் தர முடியாது என்பதால், வளர்ச்சி இடையில் நின்றே தீரும் என்பது அவர் வாதம். காற்று, நீர், கடல் ஓதம், பெட்ரோலியம் என்று மாற்றுகளையெல்லாம் ஆராய்ந்து, எதுவும் நிலக்கரிக்கு ஈடாகாது என்று ஒதுக்கினார்.

வளர்ச்சி நிற்கும் என்பது பலித்தது. நின்ற காரணம்தான் வேறு. பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913-இல் 29 கோடி டன்னை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. எண்ணெயும் எரிவாயுவும் அணுசக்தியும் காற்றாலையும் வந்தன. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. மண்ணுக்கடியில் நிலக்கரி இன்னமும் இருக்கிறது. அதைத் தேடுவார்தான் இல்லை.

அச்சம் அவருடைய சொந்த வாழ்க்கையையும் தொட்டது. காகிதத்துக்கும் தட்டுப்பாடு வரும் என்று நம்பி, எழுதும் தாளையும் பொதிகட்டும் தாளையும் வீட்டில் மலையாகக் குவித்து வைத்தார். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அவருடைய பிள்ளைகளால் அந்தக் காகிதத்தைத் தீர்க்க முடியவில்லை என்று, அவரது நூற்றாண்டையொட்டி ஆற்றிய உரையில் கெயின்ஸ் குறிப்பிட்டார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

இணையத்துக்கும் இத்தகைய தீர்க்கதரிசிகள் இருந்தனர். ஈதர்நெட் என்னும் கணினி இணைப்பு முறையைக் கண்டறிந்தவருள் ஒருவரான பாப் மெட்காஃப், பெருகும் நெரிசலால் 1996-இல் இணையம் நிலைகுலையும் என்று 1995-இறுதியில் எழுதினார். பலிக்கவில்லையென்றால் அந்தக் கட்டுரையையே தின்றுவிடுவதாகவும் உறுதி கூறினார். 1997-இல் ஒரு மாநாட்டு மேடையில், கட்டுரைத் தாளைத் தண்ணீருடன் அரைத்து, சொன்னபடியே உட்கொண்டார்.

ஜெவன்ஸைப் போலவே அவரும் தேவையின் வளர்ச்சியைச் சரியாகக் கணித்தார். அளிப்பு எப்படி மாறும் என்பதைத் தவறவிட்டார். ஒரே கண்ணாடி இழையில் பல நிற ஒளிக்கதிர்களை ஒருசேர அனுப்பும் நுட்பம் வந்தது. 1988-இல் அட்லாண்டிக் பெருங்கடலில் இடப்பட்ட முதல் கண்ணாடி இழை வடம் நொடிக்கு 280 மெகாபிட் சுமந்தது. அதே கடலில் முப்பது ஆண்டுகள் கழித்துச் செயல்பாட்டுக்கு வந்த மரேயா வடத்தின் வடிவமைப்புத் திறன் நொடிக்கு 160 டெராபிட். அதாவது ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல்.

நெரிசல் அச்சம் ஒருபுறமிருக்க, 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் தேவையை மிஞ்சிக் கண்ணாடி இழை புதைக்கப்பட்டது. 2002-இல் குளோபல் கிராஸிங், வேர்ல்ட்காம் ஆகிய பெருநிறுவனங்கள் திவாலாயின. ஜெவன்ஸின் தந்தையை வீழ்த்திய ரயில் மோகம் மண்ணுக்கடியில் மறுபடி நடந்தேறியது. நிறுவனங்கள் அழிந்தாலும் இழை அழியவில்லை. வாங்குவாரின்றி இருண்டு கிடந்த அந்த இழைகள் பிற்பாடு மலிவு விலைக்குக் கைமாறி, காணொளிக் காலத்துக்குச் சுமைதாங்கியாயின. ரயில் மோகம் ஓய்ந்த பின்னும் தண்டவாளங்கள் நின்று பயன்பட்டதைப் போலத்தான் இதுவும்.

இங்கே ஒரு பொருளியல் வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். நிலக்கரி என்பது இருப்பு. எரித்தால் தீரும், எரிக்காவிட்டால் நாளைக்கு மிஞ்சும். இணையக் கொள்திறன் என்பது ஓட்டம். பயன்படுத்தினால் கம்பி தேய்வதில்லை; பயன்படுத்தாமல் விட்ட இன்றிரவின் கொள்திறனை நாளைக்கு எடுத்து வைக்கவும் முடியாது. ஆகவே, இணையத்தில் பற்றாக்குறை என்பது ஒருநாள் மொத்தமாகத் தீர்ந்துபோவது அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவது. என் நடைத் தோழரின் படம் இரவு எட்டு மணிக்குச் சுழல்வதும், விடியற்காலை நான்கு மணிக்குச் சீராக ஓடுவதும் இதனால்தான்.

இந்த வேறுபாட்டை முதலில் நுணுகிக் கண்டவர்களுள் ஜெவன்ஸும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் தந்தி அன்று தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. அதை அஞ்சல் துறை ஏற்று நடத்த வேண்டும் என்று 1867-இல் வாதிட்டவர் அவர். 1870-இல் அவ்வாறே நடந்தது. தொலைவு எதுவானாலும் 20 சொற்களுக்கு ஒரு ஷில்லிங் என்ற ஒரே கட்டணம் வந்தது. சில ஆண்டுகளிலேயே தந்திகளின் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. எதிர்பார்த்த இலாபம் மட்டும் வரவில்லை. நிறுவனங்களை வாங்கிய செலவும் கம்பிகளை விரிவாக்கிய செலவும் முதலில் மதிப்பிட்டதைப் பலமடங்கு மிஞ்சின.

தாம் ஆதரித்த திட்டம் என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 1875-இல் அதன் வரவுசெலவை ஆராய்ந்து எழுதினார். அஞ்சலும் தந்தியும் ஒன்றல்ல என்பது அவர் கண்ட உண்மை. அஞ்சல்காரர் ஒரு கடிதம் கொண்டுபோகும் அதே நடையில் பல கடிதங்களைக் கொண்டுபோக முடியும். ஆனால், இரண்டு தந்திகள் ஒரு தந்தியைப் போல இரு மடங்கு நேரம் கம்பியையும் பணியாளரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே, கட்டணத்தை மேலும் பாதியாகக் குறைத்தால் தேவை பெருகும், கூடவே செலவும் பெருகும் என்று எச்சரித்தார்.

மான்செஸ்டர் ஆண்டுகளில் அவர் செய்தவை வியப்பூட்டுபவை. தர்க்க முடிவுகளை விசைப்பலகையை அழுத்திப் பெறும் ஓர் இயந்திரத்தை 1869-இல் உருவாக்கச் செய்து, மறு ஆண்டு ராயல் சொசைட்டியில் காட்டினார். சிறிய பியானோவைப் போலிருந்த அதைக் கணினியின் மூதாதையருள் ஒன்றாகக் கருதுவார்கள். 1871-இல் வெளிவந்த அவருடைய பொருளாதாரக் கோட்பாட்டு நூல், ஒரு பொருளின் மதிப்பு அதை ஆக்கிய உழைப்பில் இல்லை, அதை நுகர்வோருக்குக் கிடைக்கும் இறுதி அலகின் பயனில் இருக்கிறது என்று நிறுவியது. 1872-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1876-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு மாறினார்.

எண்களின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை ஒருமுறை அவரை வெகுதொலைவுக்கு இட்டுச் சென்றது. சூரியப் புள்ளிகளின் சுழற்சியே இந்தியாவின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது, இந்தியாவில் விளைச்சல் பொய்த்தால் மான்செஸ்டர் துணிக்கு வாங்குவார் குறைகிறார்கள், அதனால்தான் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை இங்கிலாந்தில் வணிக நெருக்கடி வருகிறது என்று 1870-களில் எழுதினார். சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அது. அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. சிக்கலான ஒன்றை ஒற்றைக் காரணத்தில் அடைக்க முயன்றதே அதன் குறை.

உடல்நலம் குன்றியதால் 1880-இல் பேராசிரியர் பணியை விட்டு விலகினார். பொருளியல் குறித்த பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1882 ஆகஸ்ட் 13 அன்று, ஹேஸ்டிங்ஸ் அருகே கடற்கரையில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, கடலில் குளிக்கச் சென்றவர் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் கரையில் எஞ்சினர். நூல் முடியவில்லை.

இந்த வாழ்க்கையிலிருந்து என் நண்பரின் கேள்விக்குக் கிடைக்கும் விடை என்ன?

கொள்திறன் தேவைக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்கும்போது, தேவை என்பது எங்கோ தனியாக நிற்கும் நிலையான அளவு என்று எண்ணுகிறோம். அது அப்படி நிற்பதில்லை. கொள்திறன்தான் தேவையை வளர்க்கிறது. சாலையை அகலப்படுத்தியதும் வண்டிகள் பெருகுவதைப் போல, இணைய வேகம் கூடியதும் படத்தின் துல்லியம் கூடுகிறது. வீட்டுக்கொரு திரை ஆளுக்கொரு திரையாகிறது. கண்காணிப்புக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்கின்றன. ஆகவே, இடைவெளி முற்றாக மூடும் நாள் வராது. இணையம் முற்றாக நின்றுவிடும் நாளும் வராது.

2020 மார்ச் மாதம் இதற்குச் சான்று. உலகம் வீட்டுக்குள் அடைந்தபோது தேவை ஒரே வாரத்தில் எகிறியது. ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற நிறுவனங்கள் படத்தின் தரத்தைக் குறைத்தன. இணையம் தாங்கியது. பொழுதுபோக்கு சற்று விலகி, மருத்துவருக்கும் மாணவருக்கும் வழிவிட்டது.

ஆனால், தாங்கியது எல்லோருக்குமா? ஓய்வுபெற்ற பின்பும் அந்த ஆண்டு நான் ஒரு கல்லூரிக்குக் காணொளி வழியாக வகுப்பெடுத்தேன். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி கலந்துகொள்வாள். வீட்டில் சமிக்ஞை கிடைக்காது. நாள்தோறும் ஒரு பாறை மேட்டில் ஏறி அமர்ந்து பாடம் கேட்டாள். மழை பெய்த நாள்களில் வரமாட்டாள். அந்தப் பருவத் தேர்வில் அவள் பெயரை நான் பட்டியலில் காணவில்லை. அதே மாதங்களில் நகரத்தில் என் வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு திரைகள் ஓடின. நாட்டின் மொத்தக் கொள்திறன் கூடிக்கொண்டே இருந்த ஆண்டுதான் அது.

இதுவே உண்மையான கேள்வி. பற்றாக்குறை வரும்போது வரிசையில் யார் பின்னால் நிற்கிறார்கள்? வளர்ச்சியின் செலவை யார் ஏற்கிறார்கள்?

செலவு என்றதும் மின்சாரம் நினைவுக்கு வருகிறது. கம்பியில் இல்லாத எல்லை இப்போது அங்கேதான் தெரிகிறது. 2010 முதல் 2018 வரை உலகத் தரவு மையங்களின் கணிப்புப் பணி பல மடங்கு பெருகியும், அவற்றின் மின் நுகர்வு ஏறத்தாழ 6 விழுக்காடுதான் கூடியது. சிக்கனம் அந்த எட்டு ஆண்டுகளில் ஜெவன்ஸை வென்றது என்றே சொல்லலாம். இப்போது நிலைமை மாறிவிட்டது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2024-இல் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலக நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காடு. 2030-இல் இது இரு மடங்கைத் தாண்டும் என்கிறது அந்த முகமை. ஜெவன்ஸின் கேள்வி ஒரு சுற்று சுற்றி, எரிபொருளுக்கே திரும்பி வந்திருக்கிறது. கடலடி வடங்கள் கரையேறும் நகரமான சென்னையில் தரவு மையங்கள் பெருகும் இந்நாளில், இந்தக் கணக்கு நமக்கும் உரியது.

நிலக்கரி நூலின் முடிவில் ஜெவன்ஸ் சொன்ன தீர்வைப் பலர் மறந்துவிட்டார்கள். கரியை எரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை அவர். மலிவான எரிபொருளால் நாடு செழித்திருக்கும் இந்தத் தலைமுறையே, நாட்டின் கடனை அடைத்துவிட வேண்டும் என்றார். வளம் மலிந்த காலத்துக்கு ஒரு கடமை உண்டு என்பது அவர் கருத்து. அவருடைய கணிப்பு பொய்த்தது. இந்தக் கருத்துக்கு இன்னும் வயதாகவில்லை.

நமக்கு இது தரவு மலிந்த காலம். கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. பாரத்நெட் என்ற பெயரில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நெரிசலான நகரங்களுக்கு மேலும் ஓர் அடுக்கு வேகத்தைச் சந்தையே கொண்டுவந்து சேர்க்கும். அங்கே இலாபம் இருக்கிறது. பாறை மேட்டுக்கு இழையைக் கொண்டுசெல்வது அரசின் பணி. தரவு மையங்களுக்கு அனுமதி தரும்போதே, அவற்றின் மின்சாரம் எங்கிருந்து வரும், அந்தச் செலவை யார் ஏற்பார் என்பதும் வெளிப்படையாக முடிவாக வேண்டும். இரவு எட்டு மணிக்கு என் நண்பரின் படம் சிறிது நேரம் சுழன்றால் பெரிய இழப்பு இல்லை. ஒரு மாணவியின் பருவத் தேர்வு கைநழுவிப் போவது அப்படிப்பட்டதல்ல.

அவளுடைய ஊருக்கு இப்போது கோபுரம் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு).